ஸ்டெப்னிக்கு இடமில்லை

புதிதாய் வாங்கிய கேரவன் முதல் பயணம் கிளம்பும் காலையில், டிக்கியில் படுத்திருந்த மாற்று டயரான ஸ்டெப்னியைத் தூக்கித் தரையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் மாவரைக்கும் கிரைண்டரை ஏற்றினார்கள்.

ஸ்டெப்னிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏய், மலைக்காட்டுல உனக்கு என்ன வேலை?"

"என்மேல பாயாதீங்க அண்ணே! போற இடத்துல நல்ல இட்லி கிடைக்காதாம்."

"நடுவழியில டயர் வெடிச்சா, இட்லியையா எடுத்து மாட்டுவாங்க?"

"அதான் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சாச்சே. ஒண்ணும் ஆகாதாம்."

"அதுவும் நாலு சக்கரத்துக்குத்தானே வெச்சாங்க! என்னை எவன் நினைச்சான்? ஒருநாளாவது ரோட்டைப் பார்ப்பேன்னு கிடந்தேனே, எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்!"

அப்போது, கிரைண்டரை ஏற்றிவிட்டுப் போன வண்டிச் சொந்தக்காரர் திரும்பி வந்தார். 'அப்பாடா, புத்தி வந்துவிட்டது' என்று ஸ்டெப்னி கொஞ்சம் இளகியது. அவர் அதைப் பக்குவமாக உருட்டிக்கொண்டு போய், ஷெட்டில் சாய்த்து வைத்து, முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"இங்கேயே பத்திரமா இரு. ஆபத்துன்னா எங்களுக்கு உன்னை விட்டா யாரு?"

சொல்லிவிட்டு ஷெட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டியில் ஏறினார்.