வலப் பக்கத்தில் சவேலி

"அந்த மவுஸைப் பைக்குள்ளேயே வை, பொண்ணே. இங்கே அதுக்கு வேலை இல்லை."

ரிம்மா சிரித்துவிட்டாள். வடகடல் ஓரத்து அந்த வானிலை நிலையத்தில் இன்னோகெந்தி பாவ்லொவிச் தனியாள். நகரத்து வானிலை மையத்திலிருந்து ஹெலிகாப்டரில் வந்து இறங்கியவளுக்குக் கோட்டைக் கழற்றக்கூட அவகாசம் தரவில்லை மனிதர்.

"புது ப்ரோகிராம் போடணும்னு உத்தரவு, பாவ்லொவிச். இனிமே காத்து, குளிர் எல்லாம் தானாவே மையத்துக்குப் போயிடும். நீங்க ஒரு பட்டனும் தட்ட வேண்டாம்."

"தட்டாம நான் இங்கே என்ன செய்யறது? கரடி மேய்க்கவா?"

திரையைத் தட்டிக் காட்டினார். நீல நிறம். நடுவே ஒரு கோடு. இடப் பக்கம் அவருடைய கோப்புகள். வலப் பக்கம் மையத்துக் கணினி, எல்லா நிலையங்களும் கோப்புகளைப் போடும் இடம். ஒரே ஒரு தட்டு. இங்கிருந்த கோப்பு அங்கே போய்விட்டது.

"முப்பது வருஷத்துச் சாமான் இது! மியூசியத்துலகூட வாங்க மாட்டாங்க."

"நம்ம லைன் வேகத்துக்கு உன்னோடது வாயைத் திறக்கறதுக்குள்ள நான் டீ போட்டுக் குடிச்சு, டம்ளரையும் கழுவிடுவேன். இது வெறும் எழுத்து. விரல் விறைச்சாலும் தட்டலாம். அதெல்லாம் கிடக்கட்டும். இங்கே இருக்கறதும் அங்கே இருக்கறதும் சேர்ந்தாப்ல தெரியுது பார். உன்னோடதுல ஒரு பக்கம்தானே தெரியும்?"

அவள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

வலப் பக்கப் பட்டியலில் அவர் கீழே கீழே இறங்கினார். கோப்புகளுக்கு நடுவே ஒரு காலி ஃபோல்டர். அதன் பெயர்: 'இன்று சூரியன் தெரிந்தது, உன் பக்கம் எப்படி'

"இது சவேலி. கிழக்கே இருநூறு கிலோமீட்டர்ல இன்னொரு நிலையம். பதினோரு வருஷமா இப்படித்தான் பேச்சு. உள்ளே ஒண்ணும் இருக்காது, பேருதான் கடிதாசி. படிச்சதும் அழிச்சிட்டு நான் ஒண்ணு போடுவேன். மேலிடத்துல போட்டுக் கொடுத்துடாதே."

"நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"இல்லை. நாலு வருஷம் முந்தி ஒரு மாசம் ஆளே காணோம். 'சவேலி, இருக்கிறாயா'ன்னு தினமும் ஒண்ணு போட்டேன். அப்புறம் ஒரு நாள் 'இருக்கிறேன்'னு வந்துச்சு. அழுதுட்டேன், போ."

ரிம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பனியைத் தவிர எதுவும் இல்லை.

"போன வருஷம் அவன் பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டா. வேலையை விட்டுடறேன், எதுவும் பிடிக்கலைன்னு எழுதினான். நான் விடுவேனா? குளிர்காலம் பூரா காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"தேறிட்டாரா?" ஜன்னலை விட்டுத் திரும்பாமலே கேட்டாள்.

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தேறிட்டாப்லதான் தெரியுது."

ஹெலிகாப்டர் கிளம்பத் தயாராகி இரைந்தது. கொண்டுவந்த எதையும் வெளியே எடுக்காமலே பையை மூடினாள் ரிம்மா.

"உங்க கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு. புதுசு ஏறமாட்டேங்குதுன்னு எழுதிடறேன்."

அவர் ஒரு பொட்டலம் கருவாட்டை அவள் கையில் திணித்தார்.

மூன்றாம் நாள் காலை. மையத்தின் கடைசி அறையில், தன் மேஜையில் தனியாக உட்கார்ந்து அதே நீலத் திரையைத் திறந்தாள் ரிம்மா. சவேலி இறந்து நான்கு வருடமாகிவிட்டது; அந்த நிலையத்தில் இப்போது மனிதர்களே கிடையாது, இயந்திரம் மட்டும்தான். நாள் தவறாமல் வந்து விழுந்த 'இருக்கிறாயா'வைப் பார்க்கப் பொறுக்காமல், 'இருக்கிறேன்' என்று தட்டிவிட்டவள் அவள்தான். போன வருடம் வீட்டை விட்டுப் போனதும் அவளுடைய கணவன்தான்.

இன்றைக்குச் சவேலி என்ன எழுதுவான் என்று யோசித்தபடி விரல்களை வைத்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு காலி ஃபோல்டர் காத்திருந்தது:

'சவேலி கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாதவன், இனி உன் பெயரிலேயே எழுது ரிம்மா'