சாரிக்கு என்ன அர்த்தம்

கூண்டு மைனாவுக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை "சாரி." வீட்டுக்காரர் தன் மனைவி வாசுகியிடம் ஓயாமல் சொல்வதைக் கேட்டுக் கேட்டு நாக்கில் படிந்தது. அதில் மைனாவுக்குக் கொஞ்சம் பெருமை.

"அப்படின்னா என்ன அர்த்தம்?" என்று ஜன்னலில் உட்கார்ந்திருந்த பூனை கேட்டது.

"ஒரு அர்த்தமா, அண்ணே? தட்டை வீசி உடைச்சிட்டுச் சொன்னா, 'பெருக்கி அள்ளு.' லேட்டா வந்து சொன்னா, 'எதுவும் கேக்காதே.' வாசுகி அக்கா அழும்போது சொன்னா, 'போதும், நிறுத்து.'"

"கடைசியா எப்பச் சொன்னார்?"

"நேத்து மத்தியானம். எனக்குப் பழம் வச்சிட்டிருந்த அக்காவை அடுப்படிக்குக் கூப்பிட்டார். ஏதோ பலமா விழுந்துச்சு. அப்புறம் ரொம்ப மெதுவாச் சொன்னார். அதுக்கு மட்டும் அர்த்தம் பிடிபடலை. அதுக்கப்புறம் அக்கா குரலே கேக்கலை."

பூனை ஜன்னலிலிருந்து இறங்கி வந்தது. "உன் கூண்டுக்குக் கொக்கி மாட்டுறது யாரு?"

"அக்காதான்."

சொன்ன பிறகுதான் மைனா கதவைப் பார்த்தது. கொக்கி மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

பூனை முன்னங்காலால் கதவைத் திறந்தது. அச்சு அசலாக வீட்டுக்காரர் குரலில், ரொம்ப மெதுவாக, "சாரி" என்றது.