ஒரு வார்த்தைதானே!

"ஒரு வார்த்தையை மாத்தச் சொன்னா மகாராணிக்கு மனசு வரலையாம்!"

அக்கவுண்டன்ட் இதைச் சத்தமாகவே சொன்னார். சலவைக் கம்பெனியின் ஆபீஸ் அறை சின்னது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீராவியும் படுக்கை விரிப்புகளும், இந்தப் பக்கம் நெருக்கியடித்து நாலு மேசைகள். முணுமுணுத்தாலே எல்லோருக்கும் கேட்கும்.

அவள் தலையைத் தூக்கவில்லை. மேசைமேல் எப்போதும் இங்கிலீஷ் அகராதி இருப்பதால் அவளுக்கு 'அகராதி' என்றே பட்டப்பெயர். செல்லமாகக் கூப்பிட்டவர்களே இன்று அதை வேறு மாதிரி கூப்பிட்டார்கள்.

வீட்டில் முதல் பட்டதாரி. 'எம்பொண்ணு நாற்காலியில உட்கார்ந்து வேலை பாக்குறா' என்று அவள் அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த நாற்காலி இன்னும் நிரந்தரமாகவில்லை என்பது அவளுக்குத்தான் தெரியும்.

மேனேஜர் அறைக் கதவு திறந்தது.

"அகராதி, உள்ளே வா."

விஷயம் இதுதான். தேய்க்கிற ரோலரில், அதை ஓட்டும் பிரஸ் அக்காவின் கை மாட்டிக்கொண்டது. விரல் பட்டாலே ரோலரை நிறுத்த ஒரு கம்பி உண்டு. அது பழுதாகிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் அக்கா சொன்னதைக் கேட்டு, தலைமை ஆபீசுக்கு இங்கிலீஷில் அறிக்கை எழுதியவள் இவள். 'கம்பி வேலை செய்யவில்லை என்று முன்பே மேனேஜ்மென்ட்டிடம் சொன்னார்' என்று எழுதியிருந்தாள்.

அந்தச் 'சொன்னார்'தான் தலைமை ஆபீசின் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. தெரிந்தே மெஷினை ஓடவிட்டார்கள் என்றால் வைத்தியச் செலவு, நஷ்டஈடு எல்லாம் கம்பெனி தலையில். இல்லையென்றால், கவனக்குறைவு என்று அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

மேனேஜர் கம்ப்யூட்டர் திரையைத் தட்டிக் காட்டினார்.

"காலையிலேர்ந்து போன் மேல போன். திரும்பவும் சொல்றேன், 'டோல்டு' வேண்டாமாம். 'அலெஜ்டு'ன்னு போட்டுடு."

"வேண்டாம் சார்."

"ஏம்மா, ரெண்டும் சொல்றதுதானே? அந்தக் காலத்துல கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொல்றதுக்கு இருந்த வார்த்தை அது. எவ்வளவு மரியாதை!"

வார்த்தைகளின் பூர்வீகத்தைத் தோண்டுவதென்றால் மேனேஜருக்குத் தனி ருசி.

"அது அந்தக் காலம் சார். இப்ப அதைப் படிச்சா, இந்தப் பொம்பளை பொய் சொல்றாளோன்னுதான் தோணும்."

"சரி, 'க்ளெய்ம்டு'ன்னு போடு. லத்தீன் வேர். கூப்பாடு போடுறதுன்னு அர்த்தம். இன்னும் பலமா இருக்கும்."

"அக்கா கூப்பாடு போடலையே சார். பணிவா நின்னு சொன்னாங்க. கூப்பாடு போட்டிருந்தா யார் காதுலயாவது விழுந்திருக்கும்."

வெளியே டைப் அடிக்கும் சத்தம் சட்டென்று நின்றது. ஆபீசே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எல்லாத்துக்கும் ஒரே அர்த்தம்தான். ஒரு வார்த்தைதானேம்மா!"

"ஒரே அர்த்தம்னா எதுக்கு சார் மாத்தணும்?"

சொல்லிவிட்டாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் வேலை இன்னும் நிரந்தரமாகலை. ஞாபகம் இருக்கா?"

"அதைத் தவிர வேற எதுவுமே ஞாபகத்துல இல்லை சார். இருந்தாலும் மாத்த மாட்டேன். வேற யாரையாவது அடிக்கச் சொல்லுங்க. ஆனா கீழே என் பேர் இருக்கக் கூடாது."

மேனேஜர் எழுந்து கண்ணாடிப் பக்கம் போனார். அங்கே ரோலர் நின்று கிடந்தது. ஒரு விரிப்பு, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக அப்படியே தொங்கியது. அதை எடுத்துவிட யாருக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது.

திரும்பாமலே சொன்னார். "உட்கார். ஒரு வார்த்தை மாறாம இது இந்த ரூமை விட்டுப் போகாது."

"சார், நான்தான்..."

"உட்காருன்னேன்."

அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். ஆனால் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டாள். கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் அந்த எழுத்துகளைத் தொடுவதாக இல்லை.

"ஆஸ்பத்திரியில அக்கா என்ன சொன்னாங்க? யார்கிட்ட சொன்னதாச் சொன்னாங்க?"

அவள் திரையிலிருந்த அறிக்கையைப் பார்த்தாள்.

"இவ்வளவு நேரம் வாய் கிழியப் பேசினியே, இதுக்கும் பதில் சொல்லு."

"அது... மேனேஜ்மென்ட்..."

"பிரஸ் அக்கா வாயில அந்த வார்த்தை நுழையுமா?"

அவள் தலை தானாகக் குனிந்தது. அக்கா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அறிக்கை எழுதும்போது இவளாகத் தேடிப் பிடித்துப் போட்டது. யாருக்கும் வலிக்காத, யாரையும் காட்டிக்கொடுக்காத, தன் நாற்காலியையும் ஆட்டாத வார்த்தை.

மேனேஜர் திரும்பினார்.

"'டோல்டு' அப்படியே இருக்கட்டும். அந்த 'மேனேஜ்மென்ட்'டை அழிச்சிட்டு 'மேனேஜர்'னு அடி. என்கிட்டதாம்மா சொன்னாங்க."