பத்தே நிமிடத்தில் பிளம்பர்

"ஊருக்கெல்லாம் பத்து நிமிஷத்துல பிளம்பர் அனுப்புற முதலாளிக்கு, நம்ம வீட்டுக் குழாய் நாலு நாளா ஒழுகுறது கண்ணுல படலையா?" என்றாள் மனைவி.

அவன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மறுநாள் ஒரு கல்லூரியில், 'சொந்தமாகத் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கு' அவன் பேச வேண்டும்.

"என் பேச்சோட முதல் பாடமே அதுதான். முதலாளி எல்லாத்தையும் தானே இழுத்துப் போட்டுக்கக் கூடாது. பிரிச்சுக் குடுக்கணும். பின்ன எதுக்கு இருபது பிளம்பர் வச்சிருக்கேன்?"

"அப்ப உங்க ஆப்லயே புக் பண்றேன்."

"ஐயோ, வேணாம்மா! எல்லாரும் பிஸி..."

அதற்குள் அவள் பட்டனை அழுத்திவிட்டாள். அவன் சட்டைப்பையில் போன் கிணுகிணுத்தது. பார்த்தான், பெருமூச்சு விட்டான்.

"ஒரு அவசர வேலை. வந்துடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

சரியாக ஒன்பதாவது நிமிடம் அழைப்பு மணி அடித்தது. அவள் கதவைத் திறந்தாள். தலையில் கம்பெனித் தொப்பி, கையில் ஸ்பேனருடன் வாசலில் நின்றான் அவள் கணவன்.

அவள் இடுப்பில் கை வைத்தாள். "மீதிப் பத்தொன்பது பேர் எங்க?"

"இன்னும் வேலைக்குச் சேரலை, மேடம். கிச்சன் எந்தப் பக்கம்?"