ஹென்ஷாவின் ஊழியம்

பசிபிக் கடலில், வனுவாட்டு நாட்டின் கடைக்கோடியில் இருக்கும் எங்கள் தீவுக்கு நான் ஒருத்திதான் நர்ஸ். எங்களுக்கு வைத்தியம் பார்க்க வந்த மிஷனரி டாக்டர் ஹென்ஷா கப்பலை விட்டு இறங்கிய மூன்றாம் வாரமே மலேரியாவில் படுத்துவிட்டார்.

“கொசுவலை கட்டச் சொன்னேனே, ஐயா?”

“கர்த்தர் காப்பாத்துவார்னு இருந்துட்டேன், சிஸ்டர்.”

“வலையக் குடுத்து அனுப்பினதே அவர்தானே!”

காய்ச்சல் விட்டதும் பவளப்பாறையில் காலைக் கிழித்துக்கொண்டார். புண் சீழ் பிடித்தது. அது ஆறியதும், விஷமென்று நாங்கள் ஒதுக்கிய மீனை யாருக்கும் தெரியாமல் பொரித்துத் தின்றார். மூச்சுத் திணறியது. இரண்டு நாள் அவர் பக்கத்தைவிட்டு நான் நகரவில்லை. மருந்து அலமாரி காலியானது. வாசலில் காத்திருந்த கர்ப்பிணிகள் திரும்பிப் போனார்கள்.

ஒருவழியாகக் கப்பல் வந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அழுதார்.

“உங்களுக்காக வந்தேன். ஒண்ணுமே செய்யலையே, சிஸ்டர்!”

“உயிரோட திரும்பிப் போறீங்களே, ஐயா. இதைவிட என்ன செய்யணும்?”

கப்பல் நகர்ந்ததும் ஊர்த்தலைவர் கலோ பெருமூச்சு விட்டார்.

“மிஷனுக்கு உடனே ஒரு கடுதாசி எழுதும்மா. தயவுசெஞ்சு இன்னொரு டாக்டரை அனுப்பிடாதீங்க, எங்ககிட்ட இருக்கறது ஒரே ஒரு நர்சுதான்னு எழுது.”