காமிரா பாத்துக்கும்

"பட்டுப் பாவைத் தெருவுல காய வச்சிட்டு, யாருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாமயா ஆரணிக்குக் கிளம்பினீங்க?" தெள்ளாரில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த கன்னியம்மாள் போனில் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"காமிரா பாத்துக்கும்" என்றார் தனகோடி.

"காமிராவுக்குக் கை இருக்குதா?"

"பக்கத்து வீட்டுக்காரனுக்கு இருக்குதே. அதான் பயமா இருக்குது."

முள்ளிப்பட்டில் அவர் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை பட்டுப் பாவு இழுத்துக் கட்டியிருந்தது. தறியில் ஏற்றப்போகிற நீள இழைகள், முகூர்த்தப் புடவைக்கான பட்டு. கஞ்சி போட்டு வெயிலில் காய்கிற நேரத்தில் மழை பிடித்தால் தீர்ந்தது கதை, இழையோடு இழை ஒட்டிக்கொண்டு தறிக்கு ஆகாது.

'கொஞ்சம் பாத்துக்கோப்பா' என்று யாரிடமாவது சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நாளைக்கு அவன் பாவுக்கு இவர் போய் நிற்கணுமே. அந்தப் பேஜாரே வேண்டாமென்றுதான் தெருவும் தன் வாசலும் முழுசாகத் தெரிகிற மாதிரி எதிர்க் கம்பத்தில் காமிரா கட்டியிருந்தார்.

ஆரணி ஜரிகைக் கடையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"மனுஷன்னாலே சுயநலம்தான் அருணகிரி. எங்க தெருவுல ஒருத்தன் பாவு போட்டா பத்து பேரு ஓடி வரானுங்களே, எதுக்குன்ற? டீயும் போண்டாவும் குடுப்பாங்கன்னுதான்."

"நீங்க எத்தினி பேருக்குப் போண்டா வாங்கிக் குடுத்தீங்க?" என்றார் கடைக்காரர் அருணகிரி.

"நான் ஏன் குடுக்கறேன்? கூலிக்கு ஆள் வச்சிக்கறேன்."

அந்த நேரம் பார்த்து போன் கிணுகிணுத்தது. காமிராவில் ஆள் நடமாட்டம்.

பாவின் ஒரு முனையைப் பக்கத்து வீட்டுப் பார்த்திபன் அவிழ்த்துக்கொண்டிருந்தான். மறு முனையில் அவன் பெண்டாட்டி ஹேமலதா. இரண்டு பேரும் ஜல்தி ஜல்தியாகச் சுருட்டி, தூக்கிக்கொண்டு நேராகத் தங்கள் வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

"பாத்தியா, நான் சொன்னேன்ல?" தனகோடி எழுந்துவிட்டார். பட்டு போனதில் வயிறு எரிந்தது. தான் சொன்னது பலித்ததில் அதே வயிறு கொஞ்சம் குளிரவும் செய்தது.

"இருங்க, வானம் இருட்டிகினு வருது..." என்று அருணகிரி சொன்னதைக் கேட்க அவர் அங்கே இல்லை.

பாதி வழியில் மழை பிடித்தது. கோர்ட்டில் என்னென்ன கேட்கணும் என்று யோசித்துக்கொண்டே வண்டி ஓட்டியதில் நனைந்ததுகூட அவருக்கு உறைக்கவில்லை. பார்த்திபன் வாசலில் வண்டியைப் போட்டார்.

"எங்கடா என் பாவு?"

"உள்ள வாங்கண்ணா, நனைஞ்சிகினு நிக்கிறீங்களே."

உள்ளே வெறும் தறியின் மேல், வெள்ளை வேட்டி சுற்றி, பத்திரமாக இருந்தது பாவு. ஒரு பொட்டுத் தண்ணி படவில்லை.

"மழை வர மாதிரி இருந்துச்சு. உங்க வீடும் பூட்டியிருந்துச்சு. எங்க தறி சும்மாதானே கிடக்குது, அதும்மேல வச்சோம்" என்றான் பார்த்திபன்.

ஹேமலதா தலை துவட்டத் துண்டை மட்டும் நீட்டினாள்.

தனகோடி துண்டை வாங்கிக்கொண்டார். "உனக்கு என்னா வேணும்னாலும் கேளுப்பா."

"ஒண்ணே ஒண்ணுதாங்கண்ணா. போன வாரம் என் பாவு மழையில போச்சே, அன்னிக்கு நான் பாப்பாவைத் தூக்கிகினு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். தெருவே அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊத்தப் போயிடுச்சு. இவ ஒண்டியா அல்லாடியிருக்கா. ரெண்டு முனையிலயும் ஆள் இல்லாம பாவு சுருட்ட முடியுமா? பட்டு குடுக்கற முதலாளி நம்ப மாட்டேன்றாரு. போட்டுட்டுத் தூங்கிட்டீங்க, இனிமே உங்களுக்குப் பட்டு கிடையாதுன்னுட்டாரு. உங்க காமிராவுல இருக்கறதைக் காட்டினா எங்க தறி திரும்ப ஓடும்ணா."

"இவ்ளோதானே? இப்பவே எடுத்துத் தரேன்."

மனசாரத்தான் சொன்னார். அந்த நிமிஷம் தனகோடி நல்ல மனுஷன்தான், அதில் சந்தேகமே வேண்டாம்.

வீட்டுக்கு வந்து போனை எடுத்தார். போன வாரத்து மழை அப்படியே இருந்தது. ஹேமலதா இந்த முனைக்கு ஓடினாள், அந்த முனைக்கு ஓடினாள். ஒன்றை அவிழ்த்தால் மற்றது சேற்றில் விழுந்தது. பிறகு ஒரு வீட்டு வாசலைப் பார்த்து, 'ஒரு கை பிடிங்க' என்று இரண்டு கையாலும் கூப்பிட்டாள்.

அந்த வாசலில் ஒருத்தர் டம்ளரோடு நின்றிருந்தார். கடைசி வாய் டீயைக் குடித்தார். வானத்தைப் பார்த்தார். படியில் கிடந்த தன் செருப்பு நனையாமல் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

தனகோடி அதை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். முகம் நல்லாவே தெரிந்தது. நல்ல காமிரா, பார்த்துப் பார்த்து வாங்கியது.

முதலாளி பார்ப்பார். தெரு பார்க்கும். அருணகிரி கடை வரைக்கும் போகும்.

சாயங்காலம் பார்த்திபன் வந்து நின்றான். அவன் பின்னால் ஹேமலதா.

"கிடைச்சுதாங்கண்ணா?"

"தேடாத இடம் இல்ல. அந்த ஒரு நாளு மட்டும் அழிஞ்சு போயிருக்குதுப்பா."

பார்த்திபன் முகம் தொங்கிப்போனது. ஹேமலதா தனகோடியையே பார்த்தாள். அப்புறம் படியில் கிடந்த அவர் செருப்பைப் பார்த்தாள்.

தனகோடி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"மனுஷனை நம்பலாம்ப்பா. இந்த மெஷினைத்தான் நம்பவே கூடாது."