கண்மாய்க்கரை விடுதி

இத்தாலியில் ஓர் ஏரிக்கரை ஊரில் தங்கிவிட்டு வந்ததிலிருந்து விக்ரமுக்கு உள்ளூரில் எல்லாமே இளக்காரம். மனைவி இசைவாணி பிடிவாதம் பிடித்ததால்தான் வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த இந்தக் கண்மாய்க்கரை விடுதிக்கு வந்தான். நாயக்கர் காலத்து மடையை அவள் காட்டியபோது, "இடிஞ்ச செவரு" என்றான். விடுதிக்காரர் பாண்டிராஜ் தன் தோட்டத்துத் திராட்சையில் போட்ட ஒயினைக் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, "இருமல் மருந்தே தேவலாம்ணே" என்று தம்ளரைத் தள்ளி வைத்தான்.

கண்மாய் வறண்டு, மண் வெடித்துக் கிடந்தது. நடுவில் ஆடுகள் மேய்ந்தன.

"தண்ணி எங்கண்ணே?"

"நெறஞ்சுதான் கெடக்கு தம்பி. எறங்கிறாதீங்க" என்றார் பாண்டிராஜ்.

விக்ரமுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. செருப்போடு இறங்கி நடந்தான். காலடியில் மண் பொரபொரவென்று நொறுங்கியது. ஆடுகளிடம் போய்ச் சேர்ந்ததும் திரும்பிப் பார்த்தான். கரையில் இசைவாணி அலறிக்கொண்டிருந்தாள். பாண்டிராஜ் கயிறு எடுக்க ஓடினார்.

"பாத்தியா, பொட்டுத் தண்ணி இல்ல!" என்று கத்த வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. நீர்க்குமிழிகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக அவை அவன் தலைக்கு மேலே வெகு உயரத்துக்குப் போய் உடைந்தன. பக்கத்தில் ஓர் ஆடு நிதானமாகப் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.